பச்சை மூடிப் பேணி

கடல் தாண்டிப் பாடம் நடத்தப் போகிறேன் என்ற மிதப்பு எனக்கு நிறையவே இருந்தது, ஒளிப்பானேன்? மதுரையில் பதினோரு வருஷம் நன்னடத்தை அலுவலராக வேலை பார்த்தவள். வீட்டை விட்டு ஓடிய பிள்ளை, அடிபட்ட பிள்ளை, கைவிடப்பட்ட பிள்ளை என்று எத்தனையோ பேருக்காக நீதிமன்றத்தில் அறிக்கை கொடுத்தவள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் நான்தான். திருகோணமலையில் பிள்ளைகளைக் காக்கும் வேலையில் இருக்கிறவர்களுக்கு ஐந்து நாள் வகுப்பு எடுக்க முடியுமா என்று அங்கேயுள்ள ஒரு தொண்டுச் சங்கம் கேட்டு எழுதியபோது, கடிதத்தை இரண்டாவது தடவை படிக்காமலேயே சம்மதம் என்று பதில் போட்டுவிட்டேன்.

வீட்டில் இருக்கும் செல்லக்கண்ணு புளியோதரையும் தட்டையும் கட்டிக் கொடுத்தாள். பெட்டியில் புடவைகளை அடுக்கியதும் அவள்தான். "பத்திரமா போயிட்டு வாங்கக்கா" என்று வாசல்வரை பெட்டியைத் தூக்கி வந்து வைத்தாள். புளியோதரை மூன்றாம் நாள்வரை கெடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

திருகோணமலையில் கண் விழித்த முதல் காலையில், ஒரு மானுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றேன். நம் ஊர்த் தெருவில் மாடு திரிகிற மாதிரி அங்கே புள்ளிமான் திரிகிறது. கடை வாசலில் வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டிருந்த ஒன்று என்னை ஏறிட்டுப் பார்த்தது. வெளியூர்க்காரி என்று தெரிந்துகொண்டதோ என்னவோ, நகரவில்லை. கடைக்காரர் உள்ளே இருந்து, "நீங்கள் போங்கோ அம்மா, அது ஒண்டும் செய்யாது" என்றார். போனேன்.

துறைமுகத்தைப் பற்றி ஒரே வார்த்தைதான் சொல்வேன். வைகையில் முழங்கால் தண்ணீர் வந்தாலே பாலத்தில் கூட்டம் கூடுகிற ஊரிலிருந்து வந்தவள் நான். மலைகளுக்கு நடுவே அத்தனை தண்ணீரும் அசையாமல் கிடப்பதைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரே ஊருக்கு இவ்வளவு கொடுத்திருக்க வேண்டாம்.

சீனிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு இருந்த காலம் அது. சர்க்கரையை அவர்களும் மதுரைக்காரர்கள் மாதிரியே சீனி என்கிறார்கள். நான் தங்கியிருந்த விடுதியில் பால் இல்லாத தேநீரும் ஓரத்தில் ஒரு துண்டுப் பனங்கட்டியும் வரும். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீரைக் குடிக்க வேண்டும். முதல் நாள் முகம் சுளித்தேன். மூன்றாம் நாள் இரண்டாவது கோப்பை கேட்டேன். புட்டும் மீன் சொதியும் காலையிலேயே கிடைத்தன. ஆனாலும் ஐந்தரை மணிக்குக் கட்டிலுக்கே வந்துவிடும் என் வீட்டுக் காபியை நினைத்து ஏங்கத்தான் செய்தேன். அதைச் செல்லக்கண்ணு மாதிரி யாருக்கும் போட வராது.

திங்கட்கிழமை வகுப்பு தொடங்கியது. என் கால அட்டவணையில் ஒன்பது மணி என்று இருந்தது. மூதூரிலிருந்து வருகிறவர்களைச் சுமந்து வரும் லாஞ்சு என்ற இயந்திரப் படகுக்கு அது தெரியவில்லை. கிண்ணியாப் பக்கத்திலிருந்து வந்தவர்களோ "பாதை பிந்திப்போச்சு" என்றார்கள். பாதை எப்படிப் பிந்தும் என்று விழித்தேன். களப்பு என்கிற உப்பங்கழியில் ஆட்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவைக்குத்தான் அங்கே அந்தப் பெயராம். பத்தேகாலுக்குப் பன்னிரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். நன்னடத்தை உத்தியோகத்தர்கள், பிள்ளைகள் இல்லத்துப் பொறுப்பாளர்கள், மருத்துவிச்சிகள், பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடிப் போகும் ஆசிரியர்கள்.

அவர்களில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவர் கனகரத்தினம், நன்னடத்தை உத்தியோகத்தர், நாற்பது வயதிருக்கும், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா, பேச்சில் எப்போதும் மரியாதை. இன்னொருவர் ரகுமத்தும்மா, குறிஞ்சாக்கேணியிலிருந்து வந்த மருத்துவிச்சி, என் வயதுக்காரி. "எங்கட பக்கத்துப் புள்ளகள்ல பாதிப் பேர நான்தான் கையில ஏந்தினது மிஸ். அதால ஒரு உரித்து ஈக்கு" என்று உரிமையோடு தன்னை அறிமுகம் செய்துகொண்டார்.

முதல் நாள் பாடம் ஒன்றே ஒன்றுதான். பிள்ளையிடம் முதலில் பேரைக் கேட்காதீர்கள், அழுகிறாயா என்று கேட்காதீர்கள். "எந்த வகுப்புப் படிக்கிறாய்?" என்று கேளுங்கள். பதில் வருகிற விதத்திலேயே பாதிக் கதை தெரிந்துவிடும். இதைப் பன்னிரண்டு பேரையும் மாறி மாறிச் சொல்லிப் பார்க்க வைத்தேன். கனகரத்தினத்தைப் பிள்ளையாக நடிக்கச் சொன்னபோது அவர் விரல் சூப்பிக் காட்ட, வகுப்பே குலுங்கியது. எனக்குச் சிரிப்பை அடக்கிக்கொண்டு முறைக்கத் தெரியும். முறைத்தேன்.

செவ்வாய்க்கிழமை ஆளுக்கு ஒரு அறிக்கையைக் கொண்டு வந்து வாசிக்கச் சொல்லியிருந்தேன். பெயர்களை மறைத்துவிட்டு வாசித்தார்கள். கனகரத்தினத்தின் முறை வந்தது.

"வீடு கல்வீடு. கிணறு உண்டு. பிள்ளை சுத்தமான புதுச் சட்டை அணிந்திருந்தாள். வீட்டார் அன்புடன் வரவேற்றுத் தேநீர் தந்து உபசரித்தனர். பிள்ளை அவ்வீட்டிலேயே இருக்க விரும்புகிறாள்."

பத்து வயதுப் பெண் குழந்தை அது. தவமணி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வாரத்துக்கு முன்னால் துறைமுகத்து இறங்குதுறையில், மூதூர் லாஞ்சுக்குள் தனியாக உட்கார்ந்திருந்தவளைப் பொலிசார் பிடித்தார்கள். கட்டைபறிச்சானில் இருக்கும் சின்னம்மாவிடம் போவதாகச் சொன்னாளாம். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. நகரத்தில் ஒரு நல்ல குடும்பம் அவளை வைத்து வளர்க்கிறது என்று தெரிந்ததும் அந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டு, வழக்கை நீதவானிடம் கொண்டுபோனார்கள். பிள்ளையை அந்தக் குடும்பத்தின் பொறுப்பிலேயே நிரந்தரமாக விட்டுவிடலாமா என்று நீதவான் தீர்மானிக்க வேண்டும். அதற்குத்தான் இந்த அறிக்கை. வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும்.

"பிள்ளை என்ன சொன்னாள்? அவள் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்கள்" என்றேன்.

கனகரத்தினம் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "தலையாட்டினவள், மிஸ்."

"அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்?"

"அந்த அம்மாதான்."

"நீங்கள் வருவது அவர்களுக்கு முன்னமே தெரியுமா?"

"ஓம். முதல் நாளே சொல்லி அனுப்பினனான். சொல்லாமல் ஒரு வீட்டுக்குப் போக ஏலாது மிஸ். அது மரியாதையில்லை."

மற்றவர்களும் ஆமோதித்துத் தலையசைத்தார்கள். எனக்கு வந்ததே கோபம்! பன்னிரண்டு அறிக்கைகளையும் வாங்கி மேசையில் பரப்பினேன். பன்னிரண்டிலும் முன்கூட்டிச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பன்னிரண்டிலும் பிள்ளை சுத்தமான சட்டை போட்டிருந்தது. பன்னிரண்டிலும் தேநீர் தந்து உபசரித்தார்கள். ஒவ்வொரு தேநீரின் கீழும் சிவப்புக் கோடு போட்டு உயர்த்திக் காட்டினேன். "நீங்கள் பிள்ளையைப் பார்க்கப் போனீர்களா, விருந்துக்குப் போனீர்களா?"

யாரும் சிரிக்கவில்லை. ரகுமத்தும்மாதான் மெல்லச் சொன்னார்: "தேத்தண்ணி குடியாம வந்தா அந்த ஊட்டு வாசல்ல திரும்ப மிதிக்க ஏலா மிஸ். பொறகு புள்ளயப் பாக்கிறதாரு?" அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனாலும் பிடித்த பிடியை விடுகிற வழக்கம் எனக்குக் கிடையாது.

வகுப்பு முடிந்ததும் கனகரத்தினம் என்னிடம் வந்து நின்றார். அந்த வீட்டு ஐயா துறைமுகத்தில் பெரிய உத்தியோகம். அந்த அம்மாவும் தன் மனைவியும் ஒரே கோயிலில் திருவிழா வேலை செய்கிறவர்கள். எழுதி முடித்த அறிக்கையை மாற்றினால் என்ன நினைப்பார்கள்? "வெள்ளிக்கிழமை பின்னேரம் கோயில்ல அவையின்ர முகத்தைப் பாக்கவேணும் மிஸ்" என்றார்.

"அந்தப் பிள்ளை முகத்தை எப்போது பார்ப்பீர்கள்?" என்றேன்.

அப்படி வெடுக்கென்று கேட்டிருக்க வேண்டாம்தான். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். ஆனால் மறுநாள் காலை ஏழு மணிக்கு விடுதி வாசலில் வந்து மணியடித்தார். "கட்டைபறிச்சானுக்குப் போவம். அந்தச் சின்னம்மாவை ஒருத்தரும் பாக்கேல்லை. நானும்தான்."

புதன்கிழமை எல்லாரும் ஒரு பிள்ளைகள் இல்லத்தைப் போய்ப் பார்ப்பதாக ஏற்பாடு. அவர்களை ரகுமத்தும்மாவின் பொறுப்பில் விட்டுவிட்டு நாங்கள் லாஞ்ச் ஏறினோம்.

கொட்டியாரக் குடாவின் நடுவில் லாஞ்ச் நின்றுபோனது. இயந்திரம் இருமியது, புகை விட்டது, அடங்கிவிட்டது. எனக்கு நீச்சல் தெரியாது. கோழிக்கூடையை மடியில் வைத்திருந்த ஒருவர், "இது வழமைதான் அம்மா, மெசினுக்குக் களைப்பு" என்று வெற்றிலை மடித்தார். இயந்திரத்துக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்தவன் சிங்களத்தில் ஏதோ கத்தினான். கனகரத்தினம் மொழிபெயர்த்தார்: கடலும் எங்கேயும் போகாது, நாமும் எங்கேயும் போகமாட்டோம், ஆகவே அவசரப்படாதீர்கள் என்கிறானாம். பட்டப்பகல் வெயிலில் முக்கால் மணி நேரம் ஆடிக்கொண்டு கிடந்தோம். நான் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. பத்து வயதுப் பிள்ளை இந்தத் தண்ணீரைத் தனியாகத் தாண்டத் துணிந்திருக்கிறாளே, எதற்காக என்ற கேள்வி மட்டும் மண்டையைக் குடைந்தது.

மூதூரிலிருந்து கட்டைபறிச்சானுக்கு மாட்டு வண்டி கிடைத்தது. வயல்வெளி, தண்ணீர், மறுபடி வயல். சின்னம்மா வயலில் இருந்து சேற்றுக் காலுடன் வந்தாள். எங்களைப் பார்த்ததும் பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து அழத் தொடங்கினாள். அவளைத் தேற்றிக் கதையைக் கேட்கவே அரை மணி நேரம் பிடித்தது.

"பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில விடுறம் எண்டுதான் ஐயா கூட்டிக்கொண்டு போனவை. அக்கா செத்து மூண்டு மாசம் அப்ப. எனக்கும் நாலு பிள்ளையள். நல்லாப் படிக்கிற பிள்ளை, இஞ்ச கிடந்து வீணாப்போகாமல் படிக்கட்டும் எண்டு அனுப்பினனான். இப்ப ஆறாம் வகுப்பு வந்திருப்பாள், என்ன?"

கனகரத்தினம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வழக்கை எடுத்த யாரும், அவர் உட்பட, பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறாள் என்று கேட்டிருக்கவில்லை.

"அவள் திரும்பி வந்தால் வைத்துக்கொள்வீர்களா?" என்று கேட்டேன்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாலு பிள்ளை தின்னுற சட்டிதானே. அஞ்சாவதுக்கு இல்லாமல் போயிடுமோ?"

மத்தியானம் அந்தச் சட்டியிலிருந்துதான் எங்களுக்கும் நண்டுக் குழம்பு கிடைத்தது. அப்படி ஒரு குழம்பை நான் அதற்கு முன்பும் பின்பும் சாப்பிட்டதில்லை. கனகரத்தினம் நண்டுக் காலைக் கடித்து உடைத்துக்கொண்டே, "நாளைக்குச் சொல்லாமல் போவம் மிஸ்" என்றார்.

வியாழக்கிழமை காலை பத்து மணி. பள்ளிக்கூட நேரம். எங்கள் வகுப்பை மத்தியானத்துக்குத் தள்ளி வைத்திருந்தேன். கனகரத்தினம், ரகுமத்தும்மா, நான் மூவரும் அந்த வீட்டு வெளிக்கதவைத் தட்டினோம். நான் வேற்று நாட்டுக்காரி. வாயைத் திறக்க எனக்கு உரிமை இல்லை, சும்மா பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பேன் என்று வழியிலேயே சத்தியம் செய்து கொடுத்திருந்தேன். என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய தியாகம் என்று.

கதவைத் திறந்தது தவமணிதான். ஈரக் கை. தோள் கிழிந்த பழைய சட்டை. எங்களைப் பார்த்து அவள் பயப்படவில்லை. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "அம்மா, ஆக்கள் வந்திருக்கினம்" என்று உள்ளே குரல் கொடுத்தாள்.

வீட்டுக்கார அம்மா வந்தார். இனிமையான முகம். பொல்லாதவர் என்று எழுதினால் பொய்யாகிவிடும். "வாங்கோ, வாங்கோ! சொல்லி அனுப்பியிருந்தா ஏதும் பலகாரம் செய்திருப்பனே. இருங்கோ." எங்களுக்குக் கதிரை எனப்படும் நாற்காலிகளைக் காட்டிவிட்டு, "பிள்ளை, தேத்தண்ணி" என்றார்.

தவமணி குசினி என்கிற அடுக்களைப் பக்கம் திரும்பினாள். அப்போதுதான் கனகரத்தினம் அந்தக் காரியத்தைச் செய்தார். சுவரோரம் இருந்த நாலாவது கதிரையை இழுத்துத் தன் எதிரே போட்டு, "நீங்கள் இதில இருங்கோ பிள்ளை. உங்களோட கதைக்கத்தான் வந்தனாங்கள்" என்றார்.

பிள்ளை அம்மாவைப் பார்த்தாள், கதிரையைப் பார்த்தாள். பிறகு அதன் நுனியில் உட்கார்ந்தாள். கால் தரையில் படவில்லை. அந்தக் கதிரையை அவள் தினமும் துடைத்திருப்பாள். உட்கார்ந்தது அன்றைக்குத்தான் என்று அவள் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்ததிலேயே தெரிந்தது.

வீட்டுக்கார அம்மா நல்ல மனுஷி. விருந்தாளிகளைக் காய விடுகிறவர் அல்ல. தன் கணவரின் சேமம், கோயில் திருவிழா, மழை வராதது என்று எல்லாம் பேசினார். பேச்சுக்கு நடுவில், பழக்க தோஷத்தில், குசினிப் பக்கம் முகத்தைத் திருப்பி, "பிள்ளை, தண்ணி கொதிச்சிட்டுதோ?" என்று கேட்டார்.

பதில் வரவில்லை. எப்படி வரும்? பிள்ளை எங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறது.

தவமணி எழுந்துவிட்டாள். கனகரத்தினம் கையை லேசாக உயர்த்தி, "இருங்கோ" என்றார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது, ஆனால் அசைக்க முடியாத மரியாதை. அம்மாவின் முகம் சிவந்தது. வந்தவர்களுக்குத் தேநீர் கொடுக்காமல் இருக்க முடியாது. சொல்லவும் வேறு ஆள் இல்லை. தானே எழுந்து உள்ளே போனார். பேணிகளை, நம் ஊர் டப்பாக்களைத்தான், திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. கொஞ்ச நேரம் கழித்துக் குரல் வந்தது:

"தேயிலை எந்தப் பேணியில?"

"பச்சை மூடிப் பேணி அம்மா" என்றாள் தவமணி, உட்கார்ந்தபடியே. "சீனி அலுமாரிக்குள்ள. திறப்பு உங்களிட்டத்தான்." சாவியைத்தான் திறப்பு என்றாள்.

இந்த வழக்கின் அறிக்கைக்குப் பிள்ளையின் வாயிலிருந்தே கிடைத்த முதல் வாக்கியம் அதுதான். கனகரத்தினம் இரண்டு பேனாவில் ஒன்றை எடுத்து அதை அப்படியே எழுதினார். நான் பன்னிரண்டு தேநீருக்கும் சிவப்புக் கோடு போட்டவள். அந்தத் தேநீர்களில் எத்தனை, நாங்கள் பார்க்கப் போன பிள்ளையே போட்டது என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லையே என்று அந்தக் கதிரையில் உட்கார்ந்து கூசிப்போனேன்.

அடுப்புப் பற்றாமல் அம்மா உள்ளே திண்டாடிய நேரம்தான் எங்களுக்குக் கிடைத்தது. ரகுமத்தும்மா பிள்ளையின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். மணிக்கட்டில் சூடுபட்ட தழும்பு. விரலிடுக்குகள் சாம்பல் தின்று வெடித்திருந்தன. "எந்த வகுப்புப் படிக்கிறீங்க மகள்?" என்று கேட்டார்.

"மூண்டு" என்றாள். பிறகு யோசித்து, "அங்க இருக்கேக்க மூண்டு" என்றாள்.

"லாஞ்சில ஏன் ஏறின நீங்கள்?" இது கனகரத்தினம்.

"சின்னம்மாட்டக் கேக்கப் போனனான்."

"என்ன கேக்க?"

"இந்த வருசமாவது பள்ளிக்கூடத்தில விடுவினமோ எண்டு."

அவள் அழவில்லை. கனகரத்தினம்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அம்மா தேநீர்த் தட்டோடு வந்தார். பிள்ளையின் கை ரகுமத்தும்மாவின் மடியில் இருப்பதைப் பார்த்தார். "கேளுங்கோ, நான் ஒரு நாளும் இவளுக்கு அடிச்சதில்லை. பட்டினி போட்டதில்லை. எங்கட பிள்ளை மாதிரித்தான் வளக்கிறன்" என்றார். அவர் சொன்னது உண்மைதான் என்று இப்போதும் நம்புகிறேன். அந்த அம்மாவின் இரண்டு பிள்ளைகளும் அந்நேரம் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள் என்பதும் உண்மை.

தேநீர் கஷாயம் மாதிரி கறுத்துக் கிடந்தது. மரியாதைக்குக் குடித்தோம். கனகரத்தினம் அடிவண்டல்வரை குடித்து, "நல்ல தேத்தண்ணி அம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அன்று மத்தியானம் வகுப்பில் அவர் பழைய அறிக்கையை இரண்டாகக் கிழித்தார். புது அறிக்கையைப் பன்னிரண்டு பேரும் கூடி உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் செதுக்கினார்கள். மூன்று மணி லாஞ்சைத் தவறவிட்டுவிட்டு மூதூர்க்காரர்கள் கவலைப்படாமல் இருந்தார்கள். என் பாடத்திட்டத்தில் மிச்சமிருந்த ஐம்பது பக்கத்தை யாரும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. கடைசிப் பத்தியைக் கனகரத்தினமே எழுதினார்: "தேநீரை வீட்டுக்கார அம்மாவே தயாரித்தார். தேயிலை எந்தப் பேணியில் இருக்கிறது என்று பிள்ளையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்."

வெள்ளிக்கிழமை நான் நீதிமன்றத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். ஒரு மானும் நின்றது. பதினொன்றரைக்குக் கனகரத்தினம் வெளியே வந்தார். நீதவான் அந்தக் கடைசிப் பத்தியை இரண்டு தரம் வாசித்தாராம். பிள்ளை சின்னம்மாவிடம் போக வேண்டும், பள்ளியில் சேர்க்க வேண்டும், மாதத்துக்கு ஒரு தடவை உத்தியோகத்தர் போய்ப் பார்க்க வேண்டும்.

"சொல்லி அனுப்பாமல்" என்று கனகரத்தினம் சேர்த்துக்கொண்டார். பிறகு, "பின்னேரம் கோயிலுக்குப் போகத்தான் போறன் மிஸ். பாக்கிறவை பாக்கட்டும்" என்றார். அவரைக் கும்பிடலாம் போல இருந்தது எனக்கு.

தவமணியையும், வழக்குக்கு வரச் சொல்லியிருந்த சின்னம்மாவையும் வழியனுப்ப இறங்குதுறைக்குப் போனோம். இந்தத் தடவை லாஞ்சில் அவள் ஓரத்தில் பதுங்கவில்லை, நட்டநடுவில் உட்கார்ந்தாள். கோழிக்கூடைக்காரரும் அன்றைக்கு இருந்தார். இயந்திரம் ஒரே இழுப்பில் கிளம்பியது அதிசயம்தான். பிள்ளை கையை ஆட்டவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. முன்னாலேயே பார்த்துக்கொண்டு போனாள். அது எனக்குப் பிடித்திருந்தது.

ரகுமத்தும்மா தன் பாதையை, அதாவது மிதவையைப் பிடிக்கப் புறப்பட வேண்டும். அதற்கு நேரம் இருந்ததால் என்னோடு கடலைப் பார்த்தபடி நின்று ஊர்க்கதை கேட்டார். மதுரை எப்படி, மழை உண்டா, எத்தனை பேர் வீட்டில்.

"நான் தனி ஆள்தான்" என்றேன்.

"அப்ப நீங்க இஞ்ச வந்து ஒரு கிழமயாப் போச்சே, ஊட்ட ஆரு பாக்கிற?"

"ஒரு பிள்ளை இருக்கிறாள். செல்லக்கண்ணு. வீடு முழுக்க அவள்தான். எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரித்தான்."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் அது விழுந்தது. ரகுமத்தும்மா குத்திக் காட்டுகிறவர் அல்ல. ஐந்து நாள் நான் சொல்லிக் கொடுத்ததை ஒழுங்காகக் கற்றுக்கொண்ட நல்ல மாணவி. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, சாதாரணமாகக் கேட்டார்:

"எந்த வகுப்புப் படிக்கிறா?"

செல்லக்கண்ணுவுக்குப் பன்னிரண்டு வயது. மேலூர்ப் பக்கத்துக் கிராமம். அவள் அப்பா இரண்டு வருஷத்துக்கு முன்னால் கொண்டுவந்து விட்டபோது, "படிக்க வைக்கலாம், ஒண்ணும் கவலைப்படாதீங்க" என்று சொன்னது நான்தான். முதல் வருஷம் பள்ளி திறந்தபோது எனக்கு அலுவலகத்தில் வேலை நெருக்கடி. இரண்டாம் வருஷம் அந்தப் பேச்சே எழவில்லை. ஊருக்கு உபதேசம் செய்யக் கடல் தாண்டி வந்திருந்தேன். வெட்கமாக இருந்தது, இவ்வளவு வயதில் இப்படி ஒரு வெட்கம் வரும் என்று நான் நினைத்ததில்லை.

திரும்பும் பயணத்தில் கண்டது, தின்றது எதுவும் நினைவில் இல்லை. கிண்ணியாத் தயிர்ச் சட்டி ஒன்றை ரகுமத்தும்மா கொடுத்திருந்தார். அதை வழியில் யாருக்கோ கொடுத்துவிட்டேன்.

மதுரையில் கதவைத் திறந்தது செல்லக்கண்ணு. பெட்டியை என் கையிலிருந்து வாங்கினாள். "இளைச்சுப் போயிட்டீங்கக்கா. காபி போடட்டுமா?"

"வேண்டாம். நீ இப்படி உட்காரு" என்று கூடத்து நாற்காலியைக் காட்டினேன்.

என்ன தப்பு செய்தோமோ என்று பயந்துபோய் உட்கார்ந்தாள். நான் அடுக்களைக்குப் போனேன். பதினான்கு வருஷமாக என் வீடு அது. ஒரு டப்பாவைத் திறந்தேன், துவரம்பருப்பு. இன்னொன்று, வெந்தயம். மூன்றாவது என்னவென்றே தெரியவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. கடைசியில் கேட்கத்தான் வேண்டியிருந்தது.

"காபித்தூள் எந்த டப்பாவிலே?"

"கீழ்த்தட்டுல, பித்தளை டப்பாக்கா" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

ஆளுக்கு ஒரு டம்ளர் கொண்டு வந்தேன். அவள் ஒரு வாய் குடித்தாள். முகம் கோணாமல் இருக்க என்ன பாடுபட்டாள் என்பதைப் பார்த்தேன். ஆனாலும் மரியாதைக்கு முழுதும் குடித்தாள்.

"எந்த வகுப்பு வரைக்கும் படிச்சே?"

"அஞ்சு முடிச்சேன்."

"ஊருக்குப் போய் அப்பாகூட இருந்து படிக்கிறியா, இங்கேயே இருந்து பள்ளிக்கூடம் போறியா? நீ சொல்றதுதான்."

டம்ளரைக் கீழே வைத்தாள். "இங்கேயே" என்றாள். பிறகு, "அப்ப உங்களுக்குக் காபி யாருக்கா போடுவா?"

"நான்தான்."

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

அவள் அப்பாவுக்கு அன்றே கடிதம் எழுதினேன். மறுநாள் ஒன்பது மணிக்கு, ஆறாம் வகுப்பில் சேர்க்கச் சொல்லி, இரண்டு பேரும் பள்ளிக்கூட வாசலில் நின்றோம். தலைமையாசிரியை எனக்குத் தெரிந்தவர்தான். "முன்கூட்டிச் சொல்லி அனுப்பியிருக்கலாமே" என்றார்.

சொல்லி அனுப்பாமல்தான் வந்தேன் என்றேன்.